மானியத்தில் வாங்கிய கருவிகள்: ஒரு பில்லைப் பிரிப்பதும், பிறகு அந்தக் கருவியைத் தேடிக் கண்டுபிடிப்பதும்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில தொண்டு நிறுவனங்களுக்கும் ஆய்வுக் குழுக்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். நிதியாண்டு முடியும் நேரத்தில் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்போது கணினி, டேப்லெட், சென்சார், மென்பொருள், இணையச் சந்தா ஆகியவற்றைப் பற்றியவையாக ஆகிவிட்டன. சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யாரும் கேட்பதில்லை. ஜீப் வாடகையைப் பற்றியும் ஐயம் எழுவதில்லை. அரசு மானியத்தில் வாங்கிய ஒரு மின்னணுக் கருவி சொத்தா, நுகர்பொருளா, சேவையா என்ற இடத்தில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. தயங்காமல் கையெழுத்திடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

இங்கே நான் எழுதுவது மத்திய அரசின் மானியங்களுக்குப் பொருந்தும் பொது நிதி விதிகள் 2017-ஐ (சுருக்கமாக ஜிஎஃப்ஆர்) ஒட்டியது. மாநில அரசின் பணம் வந்திருந்தால் அதன் ஒப்பளிப்பு ஆணையிலுள்ள (மானியத்தை அனுமதித்து அரசு தரும் ஆணை) நிபந்தனைகளையே முதலில் படிக்க வேண்டும். உண்மையில் மத்திய மானியத்துக்கும் ஒப்பளிப்பு ஆணைதான் முதல் நூல். விதிகள் அதற்குப் பின்னால் நிற்பவை.

அந்த ஆணையில் பணம் வெறும் மொத்தத் தொகையாக வருவதில்லை. பொது மானியம், சம்பள மானியம், மூலதனச் சொத்துகளை உருவாக்குவதற்கான மானியம் என்று பிரித்தே வருகிறது. ஆய்வுத் திட்டங்களில் பொது, சம்பளப் பிரிவுகளைத் தொடர் செலவு என்றும் மூலதனப் பிரிவைத் தொடராச் செலவு என்றும் சொல்வார்கள். ஆண்டு முடிந்தபின் நாம் அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழான ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்திலும் இதே பிரிவுகள் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும். ஒரு தலைப்பில் மீதமான பணத்தை, அனுமதி பெறாமல், இன்னொரு தலைப்பில் ஏற்பட்ட பற்றாக்குறைக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே ஒரு மடிக்கணினியைத் தவறான தலைப்பில் எழுதினால், பணம் ஒரு ரூபாய்கூட வீணாகாத நிலையிலும் சான்றிதழ் தவறானதாகிவிடும். அந்தப் படிவத்தின் உறுதிமொழிப் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. சொத்துப் பதிவேடுகள் உட்பட எல்லாப் பதிவேடுகளும் முறைப்படி பராமரிக்கப்படுகின்றன என்று அங்கே ஒரு வாசகம் இருக்கிறது. நிறுவனத் தலைவரும் நிதிப் பொறுப்பாளரும் போடும் கையெழுத்து, செலவுத் தொகையுடன் அந்த வாசகத்துக்கும் சேர்த்தே போடப்படுகிறது.

மூலதனச் செலவு எது என்பதற்கு விதி 84 ஓர் அளவுகோல் தருகிறது. விற்பதற்காக அல்லாமல் நிறுவனத்தின் பயன்பாட்டுக்காக, நிலைத்த தன்மையுள்ள, கண்ணால் காணத்தக்க சொத்தைப் பெறுவதற்கோ, ஏற்கெனவே இருக்கும் சொத்தின் பயனை உயர்த்துவதற்கோ செய்யப்படும் குறிப்பிடத்தக்க செலவு மூலதனச் செலவு. அந்தச் சொத்தை ஓட்டத்தில் வைத்திருப்பதற்கான பராமரிப்பு, பழுது, அன்றாடச் செலவு எல்லாம் வருவாய்ச் செலவு, அதாவது மேலே சொன்ன தொடர் செலவு. படிக்கும்போது எளிமையாகத் தோன்றும் இந்த வரையறை, கடைக்காரர் கொடுக்கும் பில்லுக்கு முன்னால் வந்ததும் சிக்கலாகிவிடுகிறது.

தேயிலைத் தோட்டங்களுக்கு அருகில் அமைக்கும் தானியங்கி வானிலை நிலையத்தின் பில்லையே எடுத்துக்கொள்வோம். மழை, உறைபனி, ஈரப்பதம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் திட்டங்களில் இது வழக்கமான கொள்முதல். கோயம்புத்தூரிலிருந்து வரும் பில்லில் பெரும்பாலும் "வானிலை நிலையம் முழு செட் – 1" என்று ஒற்றை வரிதான் இருக்கும். அந்த ஒற்றை வரிக்குள் மழைமானி, காற்று வேகமானி, வெப்ப ஈரப்பத உணரி, அளவுகளைச் சேமித்துவைக்கும் டேட்டா லாகர், சோலார் பேனல், பேட்டரி, இரும்புக் கம்பம், சிம் கார்டு, ஓராண்டு டேட்டா கட்டணம், தரவைப் பார்ப்பதற்கான இணையச் சந்தா, நிறுவும் கட்டணம், பணியாளர்களுக்கான அரை நாள் பயிற்சி எல்லாம் அடங்கியிருக்கும். இப்படியொரு பில்லை நான் பணம் கொடுப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பி, உருப்படி வாரியாக எழுதித் தரச் சொல்வேன். பணம் கைமாறிய பிறகு கேட்டால் கடைக்காரரிடமிருந்து பதில் வருவதில்லை. விலைப்புள்ளி கேட்கும்போதே உருப்படி வாரியாகக் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

பிரித்துக் கிடைத்த பில்லில் உணரிகள், லாகர், பேனல், பேட்டரி, கம்பம் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து ஒரே கருவியாக இயங்குவதால், அவை ஒரு சொத்தாக மூலதனத் தலைப்பில் சேரும். அந்தச் சொத்தின் விலை என்பது கடை விலையோடு நிற்பதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய லாரியின் வாடகை, சாலை முடியும் இடத்திலிருந்து கம்பத்தைத் தோளில் சுமந்து சென்றவர்களின் கூலி, கான்கிரீட் அடித்தளம் போட்ட செலவு, நிறுவும் கட்டணம், திரும்பப் பெற முடியாத ஜிஎஸ்டி ஆகிய அனைத்தும் அதன் அடக்க விலையில் சேரும். கருவியை அதன் இடத்தில், இயங்கும் நிலைக்குக் கொண்டுவரச் செய்யும் நேரடிச் செலவுகளை விலையோடு சேர்க்க வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை 10-இன் அடிப்படை. சமவெளியில் இந்தக் கூடுதல் செலவு சிறியதாக இருக்கும். மலையிலோ, கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு கம்பத்தை நட்டு முடிப்பதற்குள் சுமைக்கூலியும் ஜீப் வாடகையும் கம்பத்தின் விலையை எட்டிப்பிடித்துவிடும். திட்ட முன்மொழிவு எழுதும்போது இதை மூலதனத் தலைப்பில் கேட்காமல் விட்டுவிட்டு, பின்னர் பயணச் செலவில் ஒளித்துவைக்க முயல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாத வேலை.

பயிற்சிக் கட்டணம் அப்படியல்ல. அதே தரநிலை, பணியாளர் பயிற்சியைச் சொத்தின் விலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆகவே அது தொடர் செலவு. சிம் கார்டின் டேட்டா கட்டணமும் இணையச் சந்தாவும் தொடர் செலவுதான். சந்தாவுக்குப் பணம் கட்டினால் ஒரு சேவையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கிறதே தவிர, நம் கைக்கு எந்தச் சொத்தும் வருவதில்லை. தள்ளுபடி கிடைக்கிறது என்று மூன்றாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுகிறவர்கள், திட்டம் முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டக் காலத்தைத் தாண்டி ஓடும் பகுதியை மானியத்தில் எழுதாமல் நிறுவனத்தின் சொந்த நிதியில் எழுதுவதுதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

மென்பொருளில் இன்னொரு நுட்பம் உண்டு. மடிக்கணினியோடு வரும் இயங்குதளம் இல்லாமல் அந்தக் கருவி வேலை செய்யாது. எனவே அதன் விலை கணினியின் விலையிலேயே அடங்கும். தனியாக வாங்கும் வரைபட மென்பொருளுக்கு நிரந்தர உரிமம் பெற்றிருந்தால், அது தொட்டுப் பார்க்க முடியாத சொத்தாகத் தனியே நிற்கும். கணக்கியல் தரநிலை 26 இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் விதி 84 பேசுவது கண்ணால் காணத்தக்க சொத்தைப் பற்றி. நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டும் உரிமம், மானியத்தின் மூலதனத் தலைப்பில் அப்படியே ஏற்கப்படும் என்று நாமாக முடிவுசெய்துவிடக் கூடாது. ஒப்பளிப்பு ஆணையின் கருவிப் பட்டியலில் அந்த மென்பொருள் பெயரோடு இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒரு கடிதம் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்வதே முறை.

பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் வாதிட வேண்டியிருக்கிறது. நிலையத்தோடு வந்த முதல் பேட்டரி சொத்தின் ஒரு பகுதி. அது செத்துப்போன பிறகு அதே அளவில் வாங்கும் இரண்டாவது பேட்டரி பராமரிப்பு, வருவாய்ச் செலவு. ஆனால் மாதக்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தில் இருக்கிற பேனல் போதவில்லை என்று பெரிய பேனலும் கூடுதல் திறனுள்ள பேட்டரியும் போட்டால், அது இருக்கும் சொத்தின் பயனை உயர்த்துவதாகிறது. விதி 84-இன்படி மூலதனமாக வாதிட இடமுண்டு. கணினியிலும் இதுவே வழி. பழுதான வன்தட்டுக்குப் பதிலாக அதே அளவில் ஒன்று போட்டால் பராமரிப்பு. புதிய வேலைக்காக நினைவகத்தை இரட்டிப்பாக்கினால் மேம்பாடு. பில்லில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், ஏன் வாங்கினோம் என்று கோப்பில் இரண்டு வரி எழுதிவைப்பது அவசியம். தணிக்கையாளர் வரும்போது அந்தக் காரணத்தை நினைவில் வைத்திருப்பவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

பில்லைப் பிரிப்பது பற்றி இவ்வளவு சொன்னதால், கொள்முதலைப் பிரிப்பதும் சரி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தப்புள்ளி கேட்பதையோ மேலதிகாரியின் ஒப்புதலையோ தவிர்ப்பதற்காக ஒரு தேவையைச் சிறுசிறு கொள்முதல்களாக உடைப்பதை விதி 157 தடுக்கிறது. 2017-இல் விதிகள் வந்தபோது விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்க 25,000 ரூபாய் வரை விதி 154 இடம் கொடுத்தது. அதற்கு மேல் 2,50,000 ரூபாய் வரை விதி 155-இன்படி கொள்முதல் குழு சந்தையை விசாரித்து வாங்கலாம் என்றிருந்தது. இந்த வரம்புகளில் பின்னர் மாற்றங்கள் வந்திருக்கின்றன. வாங்கும் நாளில் நடைமுறையிலுள்ள உச்சவரம்பைத் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை ரூபாயானாலும், தரமும் விலையும் நியாயமானவை என்று தனிப்பட்ட முறையில் மனநிறைவு கொண்டதாக வாங்குபவர் எழுதிக் கையெழுத்திடும் சான்று, நேரடிக் கொள்முதலில் கட்டாயம். பத்து டேப்லெட்டுகளை ஐந்து பில்களில் வாங்கிவிட்டு அந்தச் சான்றை ஐந்து முறை எழுதுகிறவர், தனக்கு எதிராகத் தானே ஐந்து சாட்சியங்களைத் தயாரிக்கிறார்.

வாங்கிய பிறகு எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதற்கு விதி 211 விடை தருகிறது. இயந்திரம், கருவி, மேசை நாற்காலி போன்ற நிலைச் சொத்துகளுக்கு ஜிஎஃப்ஆர் 22. எழுதுபொருள், வேதிப்பொருள், பராமரிப்புக்கான உதிரிகள் போன்ற நுகர்பொருள்களுக்கு ஜிஎஃப்ஆர் 23. டோனர், கேபிள், பென்டிரைவ், சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாம் இரண்டாவதில் போகும். இந்த விதி பொருளின் தன்மையைப் பேசுகிறதே தவிர விலையைப் பேசவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி மானிய விதிகளில் ஒரு பொருளின் விலை 5,000 டாலரைத் தொட்டால்தான் அது பொதுவாகக் கருவியாகக் கருதப்பட்டது. அந்த வரம்பு 2024 அக்டோபரிலிருந்து 10,000 டாலராக உயர்ந்திருக்கிறது. அதற்குக் குறைந்த விலையுள்ள மடிக்கணினி அங்கே வெறும் பொருட்கள் கணக்கில் சேரும். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கிய எக்செல் மாதிரிகளை அப்படியே பயன்படுத்தி, விலை குறைவான கருவிகளைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றாமல் விடும் பழக்கம் இங்கும் பரவியிருக்கிறது. நம் விதிக்கு அது பொருந்தாது. எட்டாயிரம் ரூபாய் டேப்லெட்டும் ஒரு கருவிதான். அதற்கும் ஜிஎஃப்ஆர் 22-இல் ஒரு வரி வேண்டும்.

பதிவேட்டில் ஏற்றியதோடு வேலை பாதிதான் முடிகிறது. நிலைச் சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சரிபார்த்து, முடிவைப் பதிவேட்டிலேயே எழுத வேண்டும் என்கிறது விதி 213. பொருளின் பொறுப்பாளர் உடனிருக்கும்போதுதான் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரே கட்டடத்தில் இயங்கும் அலுவலகத்துக்கு இது ஒரு பிற்பகல் வேலை. ஒரு நிலையம் கோத்தகிரியிலும் இன்னொன்று கூடலூரிலும், டேப்லெட்டுகள் பழங்குடிக் கிராமங்களின் கற்றல் மையங்களிலும் இருக்கும் நிறுவனத்துக்கு, மழைக்காலத்துக்கு நடுவே கிடைக்கும் வெயில் நாட்களைக் கணக்கிட்டுத்தான் இதைத் திட்டமிட முடியும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது கோத்தகிரி ஓரளவு காய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகும். நான் கணக்கு பார்க்கும் இடங்களில் கோத்தகிரிப் பக்கச் சரிபார்ப்பை ஜூலை, ஆகஸ்டிலும் கூடலூர்ப் பக்கத்தை ஜனவரியிலும் வைத்துக்கொள்கிறோம். இரண்டும் நிதியாண்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

சரிபார்ப்பில் கருவி இல்லாமற்போவது மிக அபூர்வம். அது இருக்கும், ஆனால் பதிவேடு சொல்லும் இடத்தில் இருக்காது. சென்ற முறை ஒரு கிராமத்தில் குடிநீர்த் தொட்டியருகே இருக்க வேண்டிய மழைமானியைக் காணவில்லை. களப்பணியாளரான இளைஞரிடம் கேட்டேன்.

"அக்கா, அங்க வச்சிருந்தப்ப காட்டெருமை ரெண்டு தடவ கம்பத்த சாச்சிருச்சு. அதான் ஸ்கூல் மாடிக்கு மாத்திட்டோம். ஹெட்மாஸ்டர் சரின்னுட்டாரு."

"அவர் எழுதிக் கொடுத்தாராப்பா?"

"இல்லக்கா, வாயாலதான் சொன்னாரு."

இளைஞர் செய்ததில் பிழையில்லை, கருவியைக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் இடம் மாறிய நாள், காரணம், தலைமையாசிரியரின் ஒப்புதல் கடிதம் ஆகிய மூன்றும் இல்லையென்றால், பதிவேட்டின்படி அரசு மானியத்தில் வாங்கிய சொத்து ஒன்று தொட்டியருகே காணாமற்போய்விட்டது. பள்ளி மாடியில் யாருக்கும் சொந்தமில்லாத மழைமானி ஒன்று நிற்கிறது. அன்றே கடிதம் வாங்கி, பதிவேட்டில் இடத்துக்கான கட்டத்தில் பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்து, புதிய இடத்தை எழுதித் தேதியிட்டோம். மாடியில் வைத்ததால் அளவீட்டுச் சூழல் மாறியிருக்கிறது என்பதை ஆய்வாளரிடமும் சொல்லச் சொன்னேன். அது கணக்கரின் வேலை இல்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடையாள எண்ணை எழுதும் விதத்திலும் மலை தன் வேலையைக் காட்டும். காகித ஸ்டிக்கர் இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. பனிமூட்டத்தில் பசை இளகி உரிந்துவிடும், அல்லது மை மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வெளியில் நிற்கும் கருவிகளுக்கு எண் பொறித்த அலுமினியத் தகட்டைத் திருகாணியால் பொருத்துவதும், மடிக்கணினி, டேப்லெட்டுகளுக்கு உறையின் மேல் எழுதாமல் கருவியின் உடலிலேயே பொறிப்பதும்தான் நிலைக்கின்றன. எண்ணில் திட்டத்தின் சுருக்கம், வாங்கிய நிதியாண்டு, தொடர் எண் ஆகியவை இருந்தால் போதும். ஒரே அறையில் மூன்று மானியங்களின் கணினிகள் இருக்கும்போது எது யாருடைய பணம் என்று உடனே தெரிய வேண்டும். இரண்டு மானியங்களின் பணத்தைச் சேர்த்து ஒரு கருவி வாங்கியிருந்தால், இரண்டின் பங்கையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும்.

உற்பத்தியாளரின் சீரியல் நம்பரையும் தவறாமல் எழுத வேண்டும். அது மாறக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பழுதான லாகரை உத்தரவாதத்தின் கீழ் அனுப்பினால், பழுது பார்த்துத் தருவதற்குப் பதில் வேறொரு லாகரையே அனுப்பிவைப்பார்கள். புதிய எண்ணோடு வந்த அந்தக் கருவி புதிய கொள்முதல் அல்ல. பழைய வரியிலேயே எண் மாற்றத்தைக் குறித்து, சேவை மையத்தின் சீட்டை இணைக்க வேண்டும். புதிய வரியாக எழுதினால் இல்லாத பில்லுக்குச் சொத்து முளைக்கும். எழுதாமல் விட்டால் இருக்கும் சொத்துக்கு அடையாளம் இருக்காது.

தேய்மானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மானியம் ஒரு சொத்தின் விலை முழுவதையும் ஈடுகட்டி, அதை விலையிலிருந்து கழித்துக் காட்டும் முறையைப் பின்பற்றினால், கணக்கியல் தரநிலை 12-இன்படி அந்தச் சொத்து ஏடுகளில் பெயரளவு மதிப்பில் நிற்கும். ஒரு ரூபாய் என்று காட்டப்பட்ட கணினியைப் பெறுமதியற்றதாக நினைத்து யாருக்கோ கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏட்டு மதிப்பு எவ்வளவானாலும் ஜிஎஃப்ஆர் 22-இல் அதன் அசல் விலை அப்படியே இருக்கும். அதன்மேல் அரசுக்குள்ள உரிமையும் அப்படியே இருக்கும். முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ அரசு மானியத்தில் பெற்ற சொத்தை, மானியம் வழங்கிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தவோ கூடாது என்பது விதி 230-இல் உள்ள நிபந்தனை. தணிக்கையிலும் இது வெளிப்படும். ஆண்டில் 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மானியம் பெற்று, அது மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) பணிகள் குறித்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அவருடைய தணிக்கைக்குள் அந்த நிறுவனம் வரும். மலையில் இயங்கும் சிறு நிறுவனங்களில் சில, ஒரே ஒரு பெரிய திட்டத்தாலேயே இந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன.

பயன்படாமற்போன கருவிகளை ஜிஎஃப்ஆர் 10 படிவத்தில் பட்டியலிட்டு, அனுமதி வந்தபின் கழிக்க வேண்டும். மின்னணுப் பொருளாக இருப்பதால் காயலான் கடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். ஊட்டியிலோ குன்னூரிலோ வருகிறவர் போகிறவரிடம் கொடுக்காமல், நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடித்துக் கோவைக்கு அனுப்பினால் செலவு குறையும். மறுசுழற்சியாளர் தரும் ரசீதில் எடை மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணையும் எழுதி முத்திரை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டில் எந்த வரியைக் கழிப்பது?

திட்டம் முடியும்போது நல்ல நிலையிலுள்ள கருவிகளை நிறுவனமே வைத்துக்கொள்ள விரும்பினால், இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழோடு முழுச் சொத்துப் பட்டியலையும் இணைத்து, எந்தப் பணிக்காக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று எழுதிக் கேட்க வேண்டும். பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை ஒரு டேப்லெட்டையும் வேறு திட்டத்துக்கு மாற்றாமல், ஆண்டுச் சரிபார்ப்பை வழக்கம்போல் நடத்தி வர வேண்டும். பதில் கடிதம் வந்ததும் அதன் நகலைச் சொத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.